கடல் காத்துக்குள்ள ஒரு மிலிங் மெசின்: வீட்டுப் பட்டறைக்கு எதை எடுக்கலாம்

உப்புவெளியில இருந்து ஒரு தம்பி போன கிழமை கோல் எடுத்தவர். "அண்ணன், கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு, மிலிங் மெசின் ஒண்டு எடுப்பம் எண்டு இருக்கிறன், சின்னது காணுமா, இல்லாட்டி பழைய பெரிசு ஒண்டு பாக்கட்டா?" எண்டு கேட்டவர். அரை மணித்தியாலம் கதைச்சும் முடியல்ல, ஏனெண்டா இது ஒரு வசனத்தில சொல்லி முடிக்கிற விசயம் இல்ல. மிலிங் மெசின் எண்டா, சுத்துற கட்டரால இரும்பு, அலுமினியத் துண்டைச் சீவி வடிவாக்கிற மெசின். அவரிட்ட ஏற்கனவே ஒரு சின்ன லேத் இருக்கு, மாதிரிப் படகு ஒண்டுக்கு நீராவி எஞ்சின் செய்யோணும் எண்டு ஆசை, இடைக்கிடை பக்கத்து வீட்டு மீன்பிடி ஆக்கள் அவுட்போர்ட் எஞ்சின் சாமான் கொண்டு வந்து "இதை ஒருக்கா சீவித் தாங்கோ" எண்டும் கேப்பினம். இப்பிடி இருக்கிற ஆக்கள் திருகோணமலையில கனபேர் எண்டு எனக்குத் தெரியும், அதால அவருக்குச் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து எழுதுறன். நான் பாலையூற்றில வீட்டுக்குப் பின்னுக்கு 10க்கு 12 அடி கொட்டில் ஒண்டில வேலை செய்யிறன். எனக்கு இது தொழில் இல்ல, பின்னேரத்திலயும் ஞாயிற்றுக்கிழமையிலயும் மனசு ஆற நான் செய்யிற வேலை.

மெசினைப் பாக்க முதல் என்ன செய்யப் போறீங்கள் எண்டு பாருங்கோ. நான் இவ்வளவு நாளும் மிலிங்கில செய்த வேலையை யோசிச்சுப் பாத்தன், பத்தில ஒன்பது துண்டு ஒரு சோத்துப் பார்சல் அளவை விடப் பெரிசு இல்ல. அலுமினியம் கட்டை ஒண்டை நாலு பக்கமும் சதுரமாக்கிறது, தண்டுக்கு சாவிக்கான் (சில்லு வழுகாமல் சாவி இருக்கிற காடி) வெட்டுறது, எஞ்சின் சிலிண்டர் அடிப்பக்கத்தைத் தட்டையாக்கிறது, பிளேட் ஒண்டில ஓட்டைகளைச் சரியான இடைவெளியில போடுறது, இவ்வளவுதான். முழு எஞ்சின் புளொக்கின்ர தலை சீவோணும் எண்டா அது வீட்டு மெசின் வேலை இல்ல, அதை லேத் கடையில குடுத்துச் செய்விக்கிறதுதான் புத்தி.

அடுத்தது, மிலிங் எண்டா லேத் மாதிரி இல்ல எண்டதை வடிவா விளங்கிக் கொள்ளோணும். லேத்தில துண்டு சுத்தும், டூல் இரும்பில ஒரே சீரா உரசிக் கொண்டு போகும், மிலிங்கில கட்டர் சுத்தும், அதின்ர பல்லு ஒவ்வொண்டா வந்து அடிக்கும். நாலு பல்லு 10 மில்லி கட்டர் நிமிசத்துக்கு 800 சுத்து ஓடுது எண்டா, நிமிசத்துக்கு 3200 தரம் பல்லு அடிக்கும். அவ்வளவு அடியையும் தாங்குறது மோட்டரின்ர பலம் இல்ல, மெசினின்ர பாரமும் விறைப்பும்தான். மோட்டர் எத்தினை வாட் எண்டு பெட்டியில பெரிய எழுத்தில போட்டிருப்பாங்கள், அதைப் பாத்து மயங்க வேண்டாம். மெசின் எத்தினை கிலோ எண்டு முதல்ல கேளுங்கோ.

இனி ஒவ்வொண்டாப் பாப்பம்.

முதல்ல எல்லாருக்கும் வாற யோசினை, பென்ச் ட்ரில் ஒண்டு இருக்குத்தானே, அதுக்குக் கீழ ரெண்டு பக்கமும் நகருற வைஸ் (துண்டைக் கவ்விப் பிடிக்கிற சாமான்) ஒண்டை வாங்கிப் பூட்டினா மிலிங் ஆகிடும் எண்டது. நானும் 2016ல அப்பிடித்தான் தொடங்கினனான். அவுட்போர்ட் எஞ்சின் ஒண்டுக்கு அலுமினியம் பிளேட் ஒண்டு, பக்கத்தைச் சீவிக் கொண்டு இருக்கிறன், கட்டர் கொஞ்சம் கொஞ்சமா ஆழமா வெட்டுற மாதிரித் தெரிஞ்சுது, நான் வைஸ்தான் ஆடுது எண்டு நினைச்சு இன்னும் இறுக்கினன், அடுத்த செக்கன் சக், அதாவது கட்டரைக் கவ்வுற தலை, அப்பிடியே கழண்டு சுத்திக் கொண்டு பிளேட்டுக்கு மேல விழுந்து, பிளேட்டில ஒரு பெரிய காயத்தைப் போட்டுட்டு நிலத்தில உருண்டு போய் என்ர காலுக்கு ஒரு சாண் தள்ளி நிண்டுது. ஏன் விழுந்தது எண்டா, ட்ரில் மெசினில சக் வெறும் டேப்பர் (கூம்பு) பிடியிலதான் நிக்கிறது, ஓட்டை போடேக்க நாங்கள் கீழ அமத்த, துண்டு சக்கை மேல் நோக்கித் தள்ளுறதால அது இன்னும் இறுகும். மிலிங்கில பக்கவாட்டில அதிரும், கட்டரின்ர முறுக்கு வேற கீழ இழுக்கும், அப்ப டேப்பர் விட்டுடும். மிலிங் மெசினில ஸ்பின்டிலுக்கு, அதாவது கட்டரைச் சுத்துற தண்டுக்கு, மேலால ஒரு நீள போல்ட் வந்து கட்டர் பிடிக்கிற சாமானை இழுத்துப் பூட்டும், ட்ரோபார் எண்டு சொல்லுறது, அது ட்ரில் மெசினில இல்ல. அதோட ட்ரில் மெசின் பெயாரிங் பக்கத்து உதைக்குச் செய்தது இல்ல. பிளேட்டுக்குச் சொந்தக்காரர் ஒண்டும் சொல்லல்ல, ஆனா எனக்கு அண்டைக்கு ராவு நித்திரை வரல்ல. இந்த வழிக்குப் போகாதேங்கோ, காசு மிச்சம் எண்டு நினைச்சாலும் போகாதேங்கோ.

அடுத்தது சிஎன்சி ரவுட்டர், கொம்பியூட்டர் ஓட்டுற சின்ன வெட்டு மெசின், 3018 எண்டு வாறது, 30க்கு 18 சென்ரிமீட்டர் வேலை செய்யிற இடம். மரம், அக்ரிலிக், சர்க்கிட் போர்ட் வெட்ட அருமையான சாமான், அலுமினியத்தை மெல்லிசா சுரண்டும், இரும்புக்கு ஏலாது. எங்கட கேள்விக்கு இது விடை இல்ல, அதோட விடுறன்.

லேத்தில பூட்டுற வேர்ட்டிகல் ஸ்லைட் எண்டு ஒண்டு இருக்கு, துண்டைப் பிடிச்சு மேல கீழ நகர்த்துற சாமான். இதைக் கனபேர் மறந்து போச்சினம், ஆனா இங்கிலாந்தில வீட்டுப் பட்டறைக்காரர் ஒரு தலைமுறை முழுக்க இதை வைச்சுத்தான் மாதிரி எஞ்சின் செய்தவை. மைஃபோர்ட் எம்எல்7 மாதிரிச் சின்ன லேத்தின்ர குறுக்கு ஸ்லைட்டில டி ஸ்லொட் (டி எழுத்து வடிவக் காடி) இருக்கும், அதில இந்த ஸ்லைட்டைப் பூட்டி, துண்டை அதில பிடிச்சு, கட்டரை லேத் ஸ்பின்டிலில போட்டா வேலை நடக்கும். சக்கில கட்டரைப் பிடிக்காமல் கொலட்டில (கட்டரைச் சுத்திவர நெரிக்கிற வளையம்) பிடிக்கோணும், சக்கின்ர தாடை கெட்டியான கட்டரைச் சரியா நெரிக்காது, வழுகி வெளியில வந்திடும். பிழை என்னெண்டா, துண்டு செங்குத்தா நிக்கிறதால அளவு எடுக்கிறதும் கோடு பாக்கிறதும் கழுத்து வலிக்கிற வேலை, பெரிய துண்டு வைக்கவும் ஏலாது, லேத்தையும் மிலிங்கையும் மாறி மாறிப் பூட்டிக் கழட்டியே பின்னேரம் போயிடும். உப்புவெளித் தம்பியிட்ட லேத் இருக்கிறபடியா நான் அவரிட்டச் சொன்னது, காசு இன்னும் ஆறு மாதத்தில சேரும் எண்டா அதுவரைக்கும் இதைச் செய்து பழகுங்கோ எண்டு. மிலிங் எண்டா என்ன எண்டு கைக்கு விளங்கும்.

சரி, இனி உண்மையான மிலிங் மெசினுகளுக்கு வருவம்.

மினி மில் எண்டு எல்லாரும் சொல்லுறது சீனாவில சாங்காயில இருக்கிற சீக் கொம்பனியின்ர எக்ஸ்2 வகை. அதே மெசின் ஆளுக்கொரு நிறத்தில, ஆளுக்கொரு பேரில விக்கும், அதால பேரைப் பாக்காமல் உருவத்தைப் பாருங்கோ. 50, 60 கிலோ வரும், ரெண்டு பேர் தூக்கலாம், தலையையும் தூணையும் மேசையையும் கழட்டினா ஒரு ஆளே ஒவ்வொண்டாக் கொண்டு போகலாம், மேல் மாடியில இருக்கிற ஆக்களுக்கு இதை விட்டா வேற வழியே இல்ல. சுவரில இருக்கிற சாதாரண பிளக்கில ஓடும்.

நான் 2018ல இதில ஒண்டு, பாவிச்சது, வாங்கினன். ஆறு வருசம் வைச்சிருந்தன், அதால இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாச் சொல்ல எனக்கு உரிமை இருக்கு எண்டு நினைக்கிறன். நல்லது என்னெண்டா, இது என்னைப் பொறுமையாக்கினது. அலுமினியத்தில அரை மில்லி, இரும்பில கால் மில்லி எண்டு மெல்ல மெல்ல வெட்டினா நல்ல வழுவழுப்பான முகம் வரும். பித்தளையில இன்னும் நல்லா வரும், திருக்கடலூர்ப் பக்கம் பழைய படகுச் சாமானில இருந்து எடுத்த வெண்கலத் துண்டு ஒண்டில சின்னப் பம்ப் ஒண்டு இந்த மெசினிலதான் செய்தன், இண்டைக்கும் தண்ணி இறைக்குது.

பிழைகள் மூண்டு. ஒண்டு, தூண் சரியிற மாதிரிச் செய்ததால அடியில ஒரே ஒரு பெரிய நட்டிலதான் முழுத் தூணும் நிக்குது. டயல் கேஜை (சின்ன அசைவையும் ஊசியால காட்டுற அளவி) மேசையில வைச்சு ஊசியை ஸ்பின்டிலில முட்ட விட்டு, தலையைக் கையால மெல்லத் தள்ளிப் பாருங்கோ, ஊசி ஓடுறதைக் கண்ணால காணலாம். விரலால தள்ளவே அப்பிடி எண்டா கட்டர் அடிக்கேக்க எப்பிடி இருக்கும் எண்டு யோசியுங்கோ. கன ஆக்கள் பின்னுக்கு ஒரு தடிச்ச பிளேட்டைப் பூட்டித் தூணை அசையாமல் பண்ணுறவை, நானும் அரை அங்குல இரும்புப் பிளேட் போட்டன், நல்ல வித்தியாசம் தெரிஞ்சுது. ரெண்டாவது, தலைக்குள்ள இருக்கிற கியர் பிளாஸ்டிக், கட்டர் ஒருக்கா இறுகிச்சுதெண்டா பல்லுப் போயிடும். அதுக்குப் பெல்ட் மாத்துற செட் இருக்கு, மாத்தினாச் சத்தமும் குறையும். மூண்டாவதுதான் எனக்கு வலிச்சது, பழைய வகையில கரிப் பிரஷ் வைச்ச மோட்டரும் அதை ஓட்டுற ஒரு கொன்ட்ரோல் போர்ட்டும் இருக்கு. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அந்த நாளுகளில கரண்ட் போய் வந்த ஒரு நேரம் போர்ட் கருகிப் போச்சு. நான் பிளக்கைக் கழட்டாமல் விட்டது என்ர பிழைதான். அதே நேரம் டொலர் 200 சொச்சத்தில இருந்து ரெண்டு மூண்டு மாதத்தில 360 கிட்டப் போனது, அந்தச் சின்னப் போர்ட்டுக்கு நான் எட்டு மாதம் காத்திருந்தன். மெசின் துணி போத்திக் கொண்டு மூலையில நிண்டுது, பாக்கவே கவலையா இருக்கும்.

இன்னொண்டு, இதை வாங்கேக்க ஆரும் சொல்ல மாட்டினம். மேசைக்கும் ஸ்பின்டிலுக்கும் இடையில இருக்கிற உயரம் காணாது. வைஸ் ஒரு 80 மில்லி, ட்ரில் சக் ஒரு 90, ட்ரில் பிட் ஒரு 100, கூட்டிப் பாருங்கோ 270 போயிடுது, துண்டை எங்க வைக்கிறது? ஓட்டை போடேக்க ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கோட மல்லுக்கட்டோணும்.

அடுத்தது வட்டத் தூண் மெசின், மில் ட்ரில் எண்டு சொல்லுறது, தாய்வானில ரொங் ஃபூ செய்த ஆர்எஃப்30 எண்டது பேர் போனது, கனபேர் அதைப் பாத்துச் செய்தவை. 250 கிலோவுக்கு மேல, காஸ்ட் அயன் தாராளமா இருக்கும், மினி மில்லை விட நல்லா வெட்டும், பழசு கிடைச்சா விலையும் நியாயமா இருக்கும். ஆனா தூண் வட்டம். தலையை மேல தூக்கினா அது கொஞ்சம் சுழண்டிடும், முதல் பிடிச்ச இடம் போயிடும். சென்டர் ட்ரில்லில புள்ளி போட்டுட்டு, நீள ட்ரில் போடத் தலையைத் தூக்கினா, புள்ளி எங்க ஸ்பின்டில் எங்க எண்டு திரும்பத் தேடோணும். லேசர் கோடு ஒண்டைத் தலையில பூட்டித் தூரத்துச் சுவரில கோடு போட்டு வைச்சு, தலையைத் தூக்கின பிறகு அந்தக் கோட்டுக்கே திருப்பிக் கொண்டு வாற ஆக்கள் இருக்கினம், அது வேலை செய்யும். எனக்கு அந்தப் பொறுமை இல்ல. நல்ல நிலையில ஒண்டு கிட்டடியில கிடைச்சா எடுக்க வேண்டாம் எண்டு சொல்ல மாட்டன், தேடிப் போய் வாங்க வேண்டாம் எண்டுதான் சொல்லுவன்.

இப்ப பெரிசு. மேசை முழுதா மேல கீழ ஏறி இறங்குற வகை, 1938ல அமெரிக்காவில கனெக்டிகட்டில பிரிட்ஜ்போர்ட் எண்ட ஊரில தொடங்கின அந்த வடிவம், இண்டைக்கும் உலகம் முழுக்க அதே மாதிரிச் செய்யினம், இந்தியாவில செய்ததும் எங்கட நாட்டில ஓடுது. இரும்பு பிரியனுக்கு இதைப் பாத்தா மனசு போயிடும், எனக்கும் போனது. 10 மில்லி கட்டரால இரும்பில 5 மில்லி ஆழம் போட்டாலும் முணுமுணுக்காது. ஒரு தொன் கிட்ட நிறை.

2023ல கொழும்புப் பக்கம் மூடுற பட்டறை ஒண்டில ஒண்டு இருக்கு எண்டு கேள்விப்பட்டு மச்சானையும் கூட்டிக் கொண்டு போனன். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் எண்டு விடிய வெளிக்கிட்டு மத்தியானம் போய்ச் சேர்ந்தம். புதுப் பெயின்ட், மினுமினுப்பு, விக்கிறவர் சுவிட்சைப் போட்டுக் காட்டினார், சத்தம் இனிமையா இருந்தது. பெயின்டையும் சத்தத்தையும் பாத்து முடிவெடுக்கக் கூடாது எண்டு எனக்கு ஒரு பழைய பாஸ் சொல்லித் தந்தவர், அதால டயல் கேஜை பையில கொண்டு போனனான். மேசையை நடுவுக்குக் கொண்டு வந்து பக்கத்தில பிடிச்சு ஆட்டினன், ஊசி 0.3 மில்லி ஓடுது. சரி கிப்பை, மேசையின்ர ஆட்டத்தை எடுக்கிற தகட்டை, இறுக்குவம் எண்டு இறுக்கினன், நடுவில ஆட்டம் போச்சு. இனி மேசையை ஒரு கரைக்கு உருட்டினா, முக்கால்வாசியில சிக்கி நிண்டுட்டுது, கைச்சக்கரம் அசையல்ல. மச்சானுக்கு ஒண்டும் விளங்கல்ல, எனக்கு எல்லாம் விளங்கிட்டுது. முப்பது வருசம் நடுவிலயே வேலை செய்ததால மேசை வழுகி ஓடுற வழி நடுவில தேஞ்சு கரையில அப்பிடியே இருக்கு. இது இறுக்கித் திருத்துற நோய் இல்ல, வழி முழுதையும் திரும்பச் சுரண்டோணும் இல்லாட்டி கிரைன்ட் பண்ணோணும். டிஆர்ஓ (மேசை எவ்வளவு நகர்ந்தது எண்டு நம்பரில காட்டுற பெட்டி) பூட்டினா மேசையை நகர்த்துற திருகாணியின்ர தேய்வை மறைக்கலாம், வழியின்ர தேய்வை மறைக்க ஏலாது. வெறுங்கையோட திரும்பி வந்தம்.

அது நல்ல மெசினாவே இருந்திருந்தாலும் எனக்குச் சரிவந்திருக்காது எண்டு வழியில யோசிச்சன். லொறியில கொண்டு வரலாம், எங்கட ஒழுங்கைக்குள்ள இறக்குறது ஆர்? கொட்டில் நிலம் ரெண்டு அங்குலச் சீமெந்து, அடியில மணல். கதவு 3 அடி. பெரிய வளவு, கொன்கிறீட் நிலம், அகலக் கதவு இருக்கிற ஆக்களுக்குத்தான் இந்த வகை, அவை தேடித் தேடி நல்ல ஒண்டை எடுத்தால் அதை மிஞ்ச ஒண்டும் இல்ல, நான் மனசாரச் சொல்லுறன்.

த்ரீ ஃபேஸ் பயம் மட்டும் வேண்டாம். வீட்டில 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ்தான் எண்டாலும் விஎஃப்டி எண்ட பெட்டி ஒண்டு அதை த்ரீ ஃபேஸாக்கித் தரும், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். மோட்டர் பிளேட்டில 230/400 எண்டு இருக்கா எண்டு பாருங்கோ, இருந்தா உள்ள இருக்கிற இணைப்பை ஸ்டாரில இருந்து டெல்டாவுக்கு மாத்தினாக் காணும். 400 மட்டும்தான் எண்டா சிக்கல், மோட்டரையே மாத்த வேண்டி வரலாம். விஎஃப்டிக்கும் மோட்டருக்கும் இடையில பழைய சுவிட்சை விட்டு ஓன் ஓஃப் பண்ணாதேங்கோ, பெட்டி செத்துப் போயிடும், சுவிட்ச் வேலையை விஎஃப்டியின்ர சின்ன வயருகளாலயே செய்யோணும். கரண்ட் வேலை தெரியாட்டி தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்கோ.

கடைசியா நான் எடுத்தது நடுத்தர வகை. 100 கிலோ சுத்தி வரும், சிலது 150 மட்டும் போகும். தூண் சதுரம், டவ்டெயில் எண்ட சரிவு விளிம்பு வழியில தலை நேரா ஏறி இறங்கும், அதால மேல தூக்கினாலும் இடம் மாறாது. தூண் அடியில நாலு பெரிய போல்டில நிக்குது, ஒத்தை நட்டு இல்ல. மோட்டர் பிரஷ்லெஸ், அதாவது கரிப் பிரஷ் இல்லாதது, பெல்ட்டால ஓடுது. 2024ல எடுத்தன், வெட்டுறதுக்கும் கேக்கிறதுக்கும் மினி மில்லோட ஒப்பிட ஏலாது. ராவு ஒன்பது மணிக்கு ஓட்டினாலும் பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் கேக்காது, கியர் தலை மெசின் எண்டா ஒழுங்கை முழுக்க எழும்பும். இரும்பில ஒரு மில்லி ஆழம் மனசு பதறாமல் போடலாம்.

இதில பாக்க வேண்டியது ஸ்பின்டில் எந்த டேப்பர் எண்டது. ஆர்8 எண்டா எடுங்கோ. மோர்ஸ் 3 எண்டதும் நல்லாப் பிடிக்கும், ஆனா விடாது, ஒவ்வொரு முறையும் ட்ரோபார் தலையில சுத்தியலால தட்டித்தான் கழட்டோணும், சின்ன மெசினில அந்தத் தட்டு முழுக்கப் பெயாரிங்குக்குத்தான் போகும். ஆர்8 சரிவு கூட எண்டதால ஒரு சின்னத் தட்டிலயே விட்டுடும். அதுக்குச் சாமான் எல்லா இடமும் கிடைக்கும், நாளைக்குப் பெரிய மெசின் எடுத்தாலும் அதே சாமான் போகலாம். ட்ரோபார் நூல் பொதுவா 7/16 அங்குலம், மெட்ரிக்கும் வருது, வாங்க முதல் கேட்டுக் கொள்ளுங்கோ.

ஆகக் குறைஞ்ச வேகத்தையும் கேளுங்கோ. எல்லாரும் கூடின வேகத்தைத்தான் கேக்கினம். எச்எஸ்எஸ் எண்ட கடும் உருக்குக் கட்டருக்கு மைல்ட் ஸ்டீலில நிமிசத்துக்கு 25 மீட்டர் எண்டு வைச்சா, 10 மில்லி கட்டருக்கு 800 சுத்து, 50 மில்லி முகம் சீவுற கட்டருக்கு 160 சுத்துத்தான் வேணும். 160ல ஓடேக்க மோட்டருக்குப் பலம் இருக்கா எண்டதுதான் கேள்வி. பெல்ட்டை மெல்ல ஓடுற பக்கத்துக்கு மாத்துற வசதி இருக்கிற மெசின் இதில முந்தும். அலுமினியத்துக்கு 10 மில்லி கட்டரில 2500 மட்டும் போகலாம், கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு வெட்டினாப் பல்லில ஒட்டாது.

கைச்சக்கரம் ஒரு சுத்துக்கு எத்தினை மில்லி எண்டும் பாருங்கோ, 2 மில்லி இல்லாட்டி 2.5 எண்டா மனக்கணக்கு லேசு. சில மினி மெசினில அங்குலத் திருகாணிக்கு மில்லி டயலோ, மில்லித் திருகாணிக்கு அங்குல டயலோ போட்டிருக்கும், அளவு சேராது, தலையிடி. திருகாணியில 0.1, 0.2 மில்லி ஆட்டம் புது மெசினிலயும் இருக்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம், கட்டர் சுத்துற பக்கத்துக்கு எதிராத் துண்டைக் கொண்டு போனா அந்த ஆட்டம் தொந்தரவு தராது. அதே பக்கம் கொண்டு போனாத்தான் கட்டர் துண்டை இழுத்து விழுங்கும்.

இனி எங்கட ஊருக்கெண்டு இருக்கிற பிரச்சினை, உப்பு. பாலையூற்று கடலுக்குக் கொஞ்சம் தள்ளி, எண்டாலும் வாடைக் காத்து தொடங்கி மழை பிடிச்சுதெண்டா கார்த்திகையில இருந்து தை மட்டும் ரெண்டு நாள் துடைக்காமல் விட்டாலே மேசையில தவிட்டு நிறத்தில பொட்டுப் பொட்டா வந்திடும், உவர்மலை, திருக்கடலூர், நிலாவெளிக் கரையில இருக்கிற ஆக்களுக்கு ஒரு ராவே காணும். கச்சான் அடிக்கேக்க காத்து காஞ்சிருக்கும், ஆனா புழுதி வந்து எண்ணெயில ஒட்டி அரம் போட்ட மாதிரி வழியைத் தேய்க்கும். நான் செய்யிறது, வேலை முடிய பிரஷால தூளைத் தட்டி, காஞ்ச துணியால துடைச்சு, 68 நம்பர் ஸ்லைட்வே ஓயில் ஒரு பூச்சு. வாசம் வாற ஸ்ப்ரே ஒண்டை அடிச்சுட்டு விட்டா ரெண்டு நாளில காஞ்சு போயிடும், அதை நம்ப வேண்டாம். போத்துறதுக்குப் பழைய கொட்டன் பெட்சீட், பொலித்தீன் கூடாது, உள்ள வேர்த்து அதுவே கறளைக் கொண்டு வரும். கொலட்டுகளையும் கட்டர்களையும் மூடுற அலுமாரிக்குள்ள வைச்சு உள்ள ஒரு சின்ன பல்ப் எரிய விட்டிருக்கிறன், பழைய வகைச் சூடு வாற பல்ப், எல்ஈடி இல்ல. பெரிய மெசின் எண்டா துடைக்கிற இடமும் பெரிசு எண்டதையும் கணக்கில எடுங்கோ, வெளியூர் ஆக்கள் எழுதுற ஒப்பீட்டில இது இருக்காது.

காசுக் கணக்கில கனபேர் பிழை விடுறது மெசினோட நிறுத்துறது. மெசினுக்குக் குடுத்த காசில பாதியாவது, போகப் போக அதே அளவும், சாமானுக்குப் போகும். கையில இருக்கிற முழுக் காசுக்கும் பெரிய மெசினை எடுத்துட்டு வைஸ் வாங்கக் காசில்லாமல் இருக்கிறதை விட ஒரு படி சின்ன மெசினை எடுத்து நல்ல வைஸ் வாங்குறது எவ்வளவோ மேல். ட்ரில் வைஸ் வேற, மிலிங் வைஸ் வேற, ட்ரில் வைஸை இறுக்கேக்க நகருற தாடை மேல எழும்பி துண்டையும் தூக்கிடும், பிறகு எப்பிடிச் சதுரம் வாறது. 100 மில்லித் தாடை வைஸ் நடுத்தர மெசினுக்கு அளவு. ஈஆர்32 கொலட் செட் ஒண்டு 3ல இருந்து 20 மில்லி மட்டும் பிடிக்கும், அது காணும். டி ஸ்லொட்டுக்கு நட்டும் கிளாம்பும், ஒரு சோடி பரலல் (துண்டுக்கு அடியில வைக்கிற ஒரே உயரக் கட்டை), காந்த அடியோட டயல் கேஜ். கட்டர் 6, 8, 10, 12 நாலும் நல்ல எச்எஸ்எஸ்ஸில எடுங்கோ, இருபது கட்டர் உள்ள மலிவுப் பெட்டி வேண்டாம். கட்டர் வெளியில நீட்டுற நீளத்தைப் பாதியாக்கினா வளைவு எட்டில ஒண்டாகும், விட்டத்தை ரெண்டு மடங்காக்கினா பதினாறில ஒண்டாகும், அதால கட்டையான தடிச்ச கட்டர்தான் சின்ன மெசினுக்கு மருந்து.

தம்பிக்கு நான் கடைசியாச் சொன்னது இதுதான். லேத் இருக்கு, கடை வேலை இல்ல, மாதிரி எஞ்சினும் அவுட்போர்ட் சாமானும்தான், சுவர்ப் பிளக்தான், கடல் கிட்ட, அப்ப 100 கிலோ சதுரத் தூண், பிரஷ்லெஸ், ஆர்8. காசு அதுக்கு எட்டாட்டி மினி மில்லில பெல்ட்டும் பிரஷ்லெஸ்ஸும் உள்ள பிந்தின வகை, தூணுக்குப் பின்னுக்கு ஒரு பிளேட் பூட்டுங்கோ. ரெண்டுக்கும் முன்னால ஒரு வோல்டேஜ் பாதுகாப்புப் பெட்டி, வேலை முடியப் பிளக்கைக் கழட்டுற பழக்கம்.

"அப்ப அண்ணன், மெசின் வந்திறங்கினா நீங்கள் ஒருக்கா வாறீங்களா?" எண்டு கேட்டார். வாறன் எண்டன். இறக்கினவுடன முதல் வேலை வெட்டுறது இல்ல, பெட்டிக்குள்ள பூசி வாற அந்தத் தடிச்ச கிறீஸை மண்ணெண்ணெயால கழுவி, கிப்பெல்லாம் கழட்டித் துடைச்சுத் திரும்பப் பூட்டோணும், சில நேரம் வார்ப்பு மணல் கூட உள்ள இருக்கும். பிறகு ஸ்பின்டிலில டயல் கேஜைப் பூட்டி மேசைக்குள்ள அடங்குற பெரிய வட்டமா ஒரு சுத்துச் சுத்தி, முன்னுக்கும் பின்னுக்கும் இடத்துக்கும் வலத்துக்கும் ஊசி 0.02 மில்லிக்குள்ள நிக்கிற மட்டும் தலையைச் சரிப்பண்ணோணும். தூண் முன்னுக்குச் சாஞ்சிருந்தா அடியில மெல்லின பித்தளைத் தகடு வைக்க வேணும், அதுக்கு என்னட்டத் தகடு இருக்கு, கொண்டு வாறன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எடுக்கும், மத்தியானச் சாப்பாடு அவற்ர வீட்டில எண்டு சொல்லிட்டார்.